மதகடியில் ஆருக்கும் இல்லாத துண்டு

யேசு மரி சூசை துணை

தோட்டவெளி
18.8.1974

என்ர அன்பு மகள் றஞ்சிதம், அப்பா எழுதிறன். எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய், கால் வீக்கம் வத்தினதோ, இரவில நித்திரை வருதோ? மருமகன் சுகமோ, மாமி சுகமோ? இங்க மாதா புண்ணியத்தில எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் அந்த முழங்கால், அதுவும் கோயிலுக்குப் போக நோகாது, கடைக்குப் போகச் சொன்னாத்தான் நோகும். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது, ஒண்டு கிடாய், அது இப்பவே வேலி பாயுது. உன்ர தலைப்பிள்ளைப் பேறு இங்கதான் எண்டு அம்மா உள்ளறையைக் கழுவி, கட்டிலுக்குக் கயிறும் மாத்திப்போட்டா. ஆனா உன்ர கடிதம் வந்த நாளில இருந்து அவவுக்குச் சோறு இறங்கேல்லை. போன மாதம் மதகடிக் கிடங்கில பஸ் சில்லு இறங்கி ஒரு மனிசிக்கு இடுப்புப் பிடிச்சதெண்டு உன்ர மாமி கேள்விப்பட்டு, அந்த ரோட்டால பிள்ளைத்தாச்சியை அனுப்பமாட்டன், ரோட்டு நல்லமெண்டு சம்பந்தியே கைப்பட எழுதினால்தான் அனுப்புவன் எண்டு சொன்னவவாம். அவ சொன்னதில பிழையில்லை, நீ அவவோட முகம் முறியாதை.

மருமகனும் கேட்டிருந்தார், ஒரு ரோட்டுக்கு ஏன் மாமா ரெண்டு கந்தோர் எண்டு. அதை அடியில இருந்து சொன்னாத்தான் விளங்கும். சுதந்திரம் கிடைச்ச மூட்டம் மன்னார் டவுனில ஒரே ஒரு ரோட்டுக் கந்தோர்தான், தீவு, அக்கரை, முசலிப் பக்கம் எல்லா ரோட்டும் அதுக்குள்ள. வெள்ளைக்காரத் துரை போக அமிர்தநாயகம் எஞ்சினியர் வந்தவர், நல்ல மனிசன், ஆனா மன்னாருக்கு வந்தும் மீன் தின்னாதவர், அதால அம்மா கிழமைக்குக் கிழமை முருங்கைக்காய் குடுத்துவிடுவா, நீ அப்ப தவழுற பிள்ளை. அவர்தான் ரோட்டு வேலை செய்யிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இவ்வளவு ரோட்டு உங்கட பொறுப்பு எண்டு கல்லு நட்டுப் பிரிச்சுவிட்டவர். பிறகு கந்தோருக்கு வேற பேர் வந்தது, பலகை மாத்திச்சினம், தார்ப்பீப்பாவுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ற் அடிக்கச் சொல்லிச்சினம். அடிச்சு முடிய இன்னொரு பேர் வந்தது, பெயின்ற் பச்சையாப் போச்சு. சனம் இண்டைக்கும் பழைய பி.டபிள்யூ.டி. எண்டுதான் சொல்லுது, நானும் அப்பிடித்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னம் கந்தோரை ரெண்டாக்கிச்சினம், தீவுக்கு ஒண்டு, அக்கரைக்கு ஒண்டு. கதிரையைப் பிரிச்சு, அலுமாரியைப் பிரிச்சு, சுவர் மணிக்கூட்டுக்குச் சண்டைபிடிச்சு ரெண்டு கிளாக்கர்மார் முகம் பாராமல் திரிஞ்சவை. றோலர் ஒண்டுதான், அது ஒரு கிழமை இங்க, ஒரு கிழமை அங்க, போற வாற வழியிலயே பாதி நாள். ரோட்டையும் கடலுக்குக் குறுக்கால போற தாம்போதிக்கு அங்கால இருக்கிற மதகடியில வெட்டிச்சினம், இங்கால நான் கங்காணியா நிக்கிற கூட்டம், அங்கால கொண்டச்சிச் சரிபுதீன் நானாவின்ர கூட்டம்.

இதிலதான் பிள்ளை வினை. எங்கட ஆக்கள் முக்காவாசியும் கரைவலைக் குடும்பம், சரிபுதீன் நானாவின்ர ஆக்களும் அப்பிடித்தான். கரைவலையில இது உன்ர பாடு, அது என்ர பாடு எண்டு கரை பிரிச்சிருக்கும், மற்றவன்ர பாட்டுக்குக் கிட்ட வலை வளைக்கக்கூடாது, கொஞ்சம் தள்ளித்தான் வளைக்கிறது மரியாதை. அதே மரியாதையை ரெண்டு கூட்டமும் ரோட்டிலயும் பாத்தது. நாங்கள் மதகுக்கு ஒரு கயித்து நீளம் இங்காலயே மண்வெட்டியை வைச்சிட்டம், அவையும் ஒரு கயித்து நீளம் அங்காலயே வைச்சிட்டினம். நடுவில மதகும் ரெண்டு கரையும் ஆருக்கும் இல்லாமல் கிடந்து ரெண்டு மாரி நனைஞ்சு கிடங்காப் போச்சு. பகிடி என்னெண்டா, பழைய கந்தோர்க் காலத்தில உடைச்ச சல்லிக்கல்லுக் குவியல் ஒண்டு அந்த மதகடியிலயே கிடந்தது, அதில எருக்கலை முளைச்சுப் பூவும் பூத்திட்டுது, அவையின்ர சல்லி எண்டு நாங்கள் தொடேல்லை, எங்கட சல்லி எண்டு அவை தொடேல்லை. கந்தோரில கேட்டால் அந்தத் துண்டு எங்கட நீளத்தில இல்லை எண்டு ரெண்டு கந்தோரும் ஒண்டையொண்டு கைகாட்டுது.

உன்ர கடிதத்துக்குப் பிறகு நான் சரிபுதீன் நானாவைப் போய்க் கண்டன். தேத்தண்ணி தந்து, நீங்கள் மூத்தவர், நீங்களே முதல் தொடுங்கோ எண்டார். மதகு உங்கட பக்கம் சாய்ஞ்சது, நீங்கள் தொடாமல் நான் எப்பிடித் தொடுறது எண்டன். இப்பிடியே மூண்டு தரம் தேத்தண்ணி குடிச்சதுதான் மிச்சம். நாலாந்தரம் அம்மாவும் வெளிக்கிட்டா, முழங்கால் நோவும் இல்லை ஒண்டும் இல்லை. மதகடியில ரெண்டு கூட்டமும் நிக்கேக்க நடுவில போய் நிண்டு சொன்னா, "நானா, என்ர பிள்ளை உங்கட பக்கத்தால வந்து எங்கட பக்கத்துக்குப் போகவேணும். நடுவில அவளை ஆர் தூக்கிறது?" சரிபுதீன் நானா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து அந்த எருக்கலையை வேரோட பிடுங்கி எறிஞ்சார், "றோசம்மா அக்கா, இப்ப நான் உங்கட பாட்டுக்குள்ள இறங்கிட்டன், இனி என்னை ஏசுங்கோ" எண்டார். நானும் மற்றக் கரையால இறங்கினன்.

வெள்ளி அவைக்கு ஏலாது, ஞாயிறு எங்களுக்கு ஏலாது, அதால சனிக்கிழமை பின்னேரங்களில ரெண்டு கூட்டமும் சேந்து சல்லி நிரப்பி, கிறவல் போட்டு, மரக்குத்தியால இடிச்சு, மிச்சத் தாரையும் சேத்து ஊத்தினம். ஓவசியர் சைக்கிளில வந்தவர், கண்டும் காணாத மாதிரி மணியடிச்சுக்கொண்டு போட்டார், அதுவும் ஒரு உதவிதான்.

பிள்ளை, நான் பொய் எழுதமாட்டன், அதுவும் உன்ர விசயத்தில. நேத்து அம்மாவைப் பஸ்ஸில பின் சீற்றில இருத்தி, மடியில செம்பு நிறையத் தண்ணியும் குடுத்து மதகைக் கடந்து பாத்தனாங்கள். அங்கால ஒரு சொட்டும் சிந்தேல்லை, இங்கால சிந்தேல்லை, எங்கட தாரும் அவையின்ர தாரும் பொருந்துற இடத்தில சீலையில கொஞ்சம் சிந்திப்போட்டுது. அதால அந்தப் பொருத்தை இண்டைக்கு வெட்டி மட்டமாக்கிப்போட்டுத்தான் நல்லமெண்டு எழுதுவன். ஞாயிறெண்டாலும் பூசை முடிஞ்சுது, ஃபாதரிட்டையும் கேட்டிட்டன். நீ வரேக்க முன் சீற்றில இரு, பிளாஸ்கில சுடுதண்ணி கொண்டுவா, அந்தோனியார் உனக்கு முன்னால வருவார். நானும் மதகடியில நிப்பன். மாமிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லி, சம்பந்தி எழுதினவர் எண்டு சொல்லு, அந்த ரோட்டு இப்ப... சரிபுதீன் நானா படலையில நிண்டு தார் இறுகப்போகுது வாங்கோ எண்டு கூப்பிடுறார், பொறு பிள்ளை, நான் போயிட்டு

மகள், இது அம்மா. அப்பா பேனையையும் மூடாமல் ஓடிட்டார். ஞாயிறு தபால் இல்லை, பஸ்காரனிட்டக் குடுத்துவிடுறன், அவர் வந்து எழுதுறதெண்டா பஸ் போயிடும். தண்ணி சிந்தினது ரோட்டால இல்லை, அந்த இடத்தில உன்னை நினைச்சு ஒரு கையை எடுத்துக் குருசு போட்டனான், அதில சிந்தினது. அதை அவருக்குச் சொல்லேல்லை, இன்னும் ஒருக்கா இடிச்சால் நல்லந்தானே. மாமியிட்ட இதை வாசிச்சுக் காட்டு. மாதா உன்னைக் காப்பா. வெளிக்கிட்டு வா.

அம்மா றோசம்மா