கால்வாய்க்கரைப் பலகையின் எழுத்தை மாற்றக் கோரி

அனுப்புநர்:
ஜாங்கில் தொக்தோபெக் கிசி,
ரொட்டிக் கடை, பழைய சந்தை,
குமுஷ்-ஆரிக்.

பெறுநர்:
மாவட்ட நிர்வாகத் தலைவர் அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: கால்வாய்க்கரை எச்சரிக்கைப் பலகையை அகற்றி, படிக்கக்கூடிய எழுத்தில் வேறு பலகை வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த நூருஸ் வசந்தப் பண்டிகைக்கு எங்கள் நகராட்சி ஊரின் பலகைகள் அனைத்தையும் ஒரே எழுத்து வடிவுக்கு மாற்றியது. எண்ணெயில் பொரித்த போர்சோக் போல உப்பிய, முனை மழுங்கிய, தடித்த எழுத்து. ஐஸ்கிரீம் கடைக்கும் பொம்மலாட்டக் கொட்டகைக்கும் அது அழகாகவே இருந்தது. அதில் எனக்குப் புகார் இல்லை. என் மகள் ஐபிகேவுக்கு அதன் மீது கொள்ளை ஆசை. சுண்ணக்கட்டியால் எங்கள் கதவில் தன் பெயரை அப்படியே குண்டாக எழுதி வைத்தாள்.

2. பெரிதாக ஓரிரு சொல் எழுதவே அந்த எழுத்து பொருந்தும். கால்வாய்க்கரையிலோ சிறிய பலகையில், கால்வாயில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்னும் நீண்ட வாக்கியத்தை அதில் நெருக்கி எழுதினார்கள். எழுத்தின் உள்வெளி அடைபட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எங்கள் மொழியில் 'போலோத்' என்றால் கூடும். 'போல்போய்த்' என்றால் கூடாது. முதலும் முடிவும் ஒன்றே, நடுவில்தான் வேறுபாடு. அந்த நடுப்பகுதிதான் தெரியவில்லை.

3. ஜூலையில் ஐபிகே தன் தோழி சீனாராவுடன் அங்கே போனாள். என் மகள் இரண்டாம் வகுப்பு முடித்தவள். எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படிப்பவள். சீனாரா என்னிடம் அழுதபடி சொன்னது: "'குளிக்கலாம்னு போட்டிருக்குடி'ன்னு படிச்சுக் காட்டிட்டு எறங்கினா அத்தை. நானும் பாத்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது." மதகருகே என் மகளை எடுத்தார்கள்.

4. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் நகராட்சிக்குச் சென்றேன். பலகையை வடிவமைத்த தம்பி தலை நிமிரவில்லை. அவருடைய மேலதிகாரி, "அதான் பலகை வெச்சிருக்கோம்ல அக்கா? புள்ளைய நீங்கதான் பாத்துக்கிட்டிருக்கணும். ஊருக்கே ஒரே எழுத்துன்னு முடிவாயிடுச்சு" என்றார். காவல் நிலையத்தாரும் தாயின் கவனக்குறைவு என்றே வழக்கை முடித்தனர். அப்படியே இருக்கட்டும் ஐயா. மறுக்க எனக்குத் தெம்பில்லை.

5. பிறகு நானே கறுப்புச் சாயத்தால் பலகையின் மேல் 'இறங்காதே' என்று எழுதினேன். நகராட்சி ஆட்கள் அதை அழித்துவிட்டுப் பழைய எழுத்தையே புதிதாகத் தீட்டினர். ஐபிகே நினைவாகப் பூங்காவில் பெயர்க்கல் ஒன்று வைப்பதாகவும் சொன்னார்கள். எந்த எழுத்தில் என்று கேட்டேன்.

6. இம்மனுவும் விளக்கம் கேட்டு அதே நகராட்சிக்கே அனுப்பப்படும் என்று சந்தையில் சொல்கிறார்கள். வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன். மகளை அடக்கம் செய்த பின் கோடை முடியும்வரை, ரொட்டி விற்றுத் தீர்ந்ததும் கரையில் போய் நின்று, வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். இப்போது தண்ணீரை அடைத்துவிட்டார்கள். வசந்தத்தில் மறுபடி திறப்பார்கள். மெல்லிய, தெளிவான எழுத்தில் ஒரு பலகையும் கரைக்கு ஒரு கம்பி வேலியும் அதற்குள் அமைக்க உத்தரவிடுங்கள். அடுத்த ஆண்டும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது ஐயா.

இடம்: குமுஷ்-ஆரிக்
நாள்: 9 அக்டோபர் 2023

இப்படிக்கு,
ஐபிகேவின் தாய்
ஜாங்கில் தொக்தோபெக் கிசி