மேட்டில் ஏறும் கால்வாய்

10 மார்ச் 2025
பழைய கிராம வரைபடம் இன்றுதான் அலுவலகத்துக்கு வந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீரைக் கூவத்துக்குக் கொண்டுபோன கால்வாய் அதில் நேராக ஓடுகிறது. அறுபதடி அகலம். இப்போது அதில் மிஞ்சியிருப்பது நாலடிச் சாக்கடை. அந்தக் கால்வாயை மீட்கும் திட்டத்துக்கு வரைபடத்தில் கோடு போடுவதுதான் என் வேலை. இன்றைய வரைபடத்தின் மேல் பழையதை வைத்துப் பார்த்தேன். கோடு நெமிலிச்சேரியில் எங்கள் குடியிருப்பின் பி பிளாக் வழியாகப் போகிறது.
மறுபடி வைத்தேன். மாறவில்லை. நான் தூங்குகிற இடம் கால்வாய்.

11 மார்ச்
மனைவி சுதாவிடம் சொல்லவில்லை.

14 மார்ச்
சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பட்டா இருக்கு, அப்ரூவல் இருக்கு. அப்புறம் எப்படி?" எல்லாம் இருக்கிறது. வரைபடத்தில் கால்வாயும் இருக்கிறது. "நீங்க அந்தக் கோட்டைப் போடாதீங்க. வேற யாராவது போடட்டும்" என்றாள்.

22 மார்ச்
சாலைக்கு அந்தப் பக்கம், மேட்டில், பன்னிரண்டு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் படிக்கட்டைப் பெருக்கும் கெங்கம்மாள் வீடும் அங்கேதான். 2023 டிசம்பர் மழையில் எங்கள் தரைத்தளம் மூழ்கியபோது மூன்று நாள் அவர் வீட்டில் இருந்தோம். மகள் ரோஷினிக்குக் காய்ச்சல். "கொயந்தைய கட்டில்ல போடு, நாங்க கீய படுத்துக்கிறோம்" என்றார். அந்த மேட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அங்கே ஒருகாலும் கால்வாய் இருந்ததில்லை. வரைபடமும் அதையே சொல்கிறது.

2 ஏப்ரல்
கோட்டைப் போட்டுவிட்டேன். நேராக, எங்கள் பிளாக் வழியாக. கையெழுத்தும் போட்டாயிற்று.

19 ஏப்ரல்
குடியிருப்போர் சங்கக் கூட்டம். விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. செயலாளர் ஜெயராமன் எழுந்து நின்றார். "நாப்பது குடும்பம் சார்! சொந்த வீட்டையே இடிக்க எழுதிக் குடுத்திருக்கீங்க. மனுஷனா நீங்க?" யாரும் அவரைத் தடுக்கவில்லை. இப்போதெல்லாம் ரோஷினியை யாரும் விளையாடக் கூப்பிடுவதில்லை.

6 ஜூன்
கால்வாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லி மனு போயிருக்கிறது. நாற்பது கையெழுத்து. அதில் ஒன்று சுதாவுடையது.
"ஆமா, போட்டேன். எனக்கு வேற வீடு கிடையாது" என்றாள்.
அவள் பொய் சொல்லவில்லையே.

17 ஜூலை
திருத்திய திட்டம் வந்துவிட்டது. கால்வாய் எங்கள் மதிலுக்கு முன்பே வளைந்து, சாலையைத் தாண்டி, மேட்டு வரிசை வழியாகப் போகிறது. மேலாளர் விஜயிடம் ஓடினேன். "சார், அந்தப் பக்கம் நாலடி உயரம். எவ்வளவு ஆழம் வெட்டினாலும் ரெண்டு மழையில தூர்ந்துடும். தண்ணி பழைய வழியிலதான் வரும்."
"அங்க யாருக்கும் பட்டா இல்ல கிருபாகரன். கேஸ் வராது. உன் வீடு தப்பிச்சுதே, சந்தோஷப்படு."
சந்தோஷப்பட்டேனா? ஒரு நொடி – ஆமாம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

3 ஆகஸ்ட்
கெங்கம்மாள் படியில் நிறுத்தினார். "இன்னா தம்பி, எங்க பக்கம் ஆளுங்க வந்து பாத்துகினு கீறாங்க? கால்வாய் வருதுன்றாங்க. தண்ணி எங்கனா மேட்டுல ஏறுமா?"
"ஏறாதும்மா."
"அப்ப சரி" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார்.
உங்க வீட்டு வழியாத்தான் வருதுன்னு ஏன்டா சொல்லல? வாயில என்ன இருந்துச்சு? சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்.

21 ஆகஸ்ட்
ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம். விஜய் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார்.

30 செப்டம்பர்
மேட்டு வரிசையில் பன்னிரண்டு கதவுகளிலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். கெங்கம்மாள் இன்று பெருக்க வரவில்லை.

9 அக்டோபர்
அங்கே அளவெடுப்பு. ஆள் பற்றாமல் என்னையும் அனுப்பினார்கள். கெங்கம்மாள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் வரிசை எண் ஏழு என்று எழுதினார்கள். உள்ளே நான் டேப்பின் ஒரு முனையோடு நின்றேன்; மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. கெங்கம்மாளே வந்து வாங்கிச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
"சரியா கீதா தம்பி?"
"சரியா இருக்கும்மா" என்றேன்.
பதினெட்டு அடி. எழுதிக்கொண்டேன்.