கனகா வரைந்த கடைசிப் பக்கம்

கார்த்திகை 9, திங்கள்

மூத்த பேரனுக்குக் குன்னூரில் பேங்க் வேலை. சின்னவன் பத்தாவதில் பள்ளிக்கே முதல். பேத்தி கனகா என் கதையையும் என் வீட்டுக்காரர் கதையையும் சேர்த்துப் படக்கதையாக வரைந்து புத்தகமே போட்டுவிட்டாள்.

இன்று காலை அது தபாலில் வந்தது. கல்யாணத்தில் தொடங்கியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவர் செத்துக் கிடக்கிறார். அவருடைய வியாதியைப் பற்றி டாக்டர் சொன்னதை நாங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, பிள்ளை வரைந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். மத்தியானம் தேயிலை எடை போட்டுவிட்டு வந்தால், புத்தகம் அவர் மடியில் இருக்கிறது.

"ஏனுங்க, அது சும்மா கதைங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "இந்த எஸ்டேட் லைன் வீடுகள்ல செத்தவங்களுக்கெல்லாம் நாந்தான கால் கட்டுனேன். கால் பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டோணும். இவ கணுக்கால்ல கட்டியிருக்கறா பாரு. வரச் சொல்லு, காட்டித் தர்றேன்."

"பொங்கலுக்கு வருவாளுங்க."

"அதுக்கு முன்னால வரச் சொல்லு."

கனகாவுக்கு இன்னும் போன் போடவில்லை. அவள் வந்தால் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் காட்டுவார். கட்டுகிற துணியை என்னிடம்தான் கேட்பார்.