கேளாமல் எடுத்த தானம்

தோர்ப் ஃபென்,
அக்டோபர், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஹிலரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் கிரேகும் குட்டி டோபியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனசைப் பற்றி இல்லை. போட்டோ வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு அப்படியே கிரேகின் காது, பாவம். நடக்க ஆரம்பித்துவிட்டான் என்கிறாய், அடுப்பங்கரைக் கதவுக்கு ஒரு தடுப்புப் போடு, நீ அந்த வயதில் சூடான இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தவள்.

போன வாரம் போனில் ஏம்மா உன் குரலே நல்லாயில்லை என்று கேட்டாய். உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அதனால் மழை, அதான் என்று சொல்லி வைத்தேன். மழையும் பெய்தது, பொய் இல்லை. ஆனால் இந்த ஒரு வருஷமாக நடந்ததைப் போனில் சொல்ல முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும், நீயும் நடுவில் நிறுத்தாமல் படித்துத்தான் ஆக வேண்டும்.

டோபி பிறந்தபோது உன்னோடு இருந்துவிட்டு நான் நியூசிலாந்திலிருந்து திரும்பிய அன்று அப்பா ஸ்டேஷனுக்கு அவருடைய கார்க் கூட்டாளி நைஜலின் வேனில் வந்தார். நம் கார் எங்கே என்று கேட்டேன், வீட்டில்தான் இருக்கிறது என்றார். இருந்தது. கேரேஜ் தரையில், பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் துண்டு துண்டாக இருந்தது. என் நீல கார், ஹிலரி. பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை வருஷம் உருளைக்கிழங்கு உரித்து நான் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள். கதவு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், சக்கரத்தைத் தாங்குகிற ஹப் எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக, ஏதோ கோழியை உரித்து வைத்த மாதிரி. அப்பா கூச்சமே இல்லாமல் பேசினார். "உடம்புதான் ஆட்ரி துரு, உள்ள ஹப்பு, ஆக்ஸில், பிரேக்கு எல்லாம் தங்கம். இதுக்குன்னு நான் வாங்கின பழைய வண்டிக்கு அச்சே வளைஞ்சு போயிருந்துச்சு, வேற வழியில்ல கண்ணு" என்றார். தானே கட்டப் போகும் அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குச் சட்டமும் மேல்கூடும் கடைக்காரன் கொடுப்பானாம், மற்றதெல்லாம் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம், அதற்கு இப்படி வண்டி கட்டுகிற இவர்கள் கூட்டத்தில் தானம் கொடுக்கிற வண்டி என்று பெயராம். தானம் என்றால் கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார், "ஹிலரிக்குத் தெரியுமே, நான் போன்ல சொன்னேனே, அம்மா அங்க சந்தோஷமா இருக்கட்டும், வந்ததும் நீங்களே சொல்லிக்கோங்கன்னு அவதான் சொன்னா."

நீ பிரசவித்த உடம்பு, குழந்தை பால் குடிக்கவில்லை என்று கவலை, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு மேவிஸைப் பார்க்கப் போவேன், உன் பிள்ளை போட்டோவைக் காட்டுவேன் என்று நான் உளறிக்கொண்டிருந்தேன், நீ எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாய். கோப்பையைப் பார்த்தாயே தவிர என்னைப் பார்க்கவில்லை. அது அப்போது புரியவில்லை.

மேவிஸ் உனக்கு ஞானத்தாய், எனக்கு ஆறு வயதிலிருந்து சிநேகிதி. நம் பக்கத்து டவுன் பாஸ்டனில் அந்த முதியோர் இல்லத்தில் அவள் சேர்ந்த நாளிலிருந்து உன்னிடம் வரும்வரை ஒரு வியாழக்கிழமைகூட நான் பார்க்கப் போகத் தவறியதில்லை. நம் ஊரிலிருந்து பாஸ்டனுக்குப் பஸ் செவ்வாய்க்கிழமை மட்டும், செவ்வாயில் அங்கே டாக்டர் வருகிற நாள், யாரையும் உள்ளே விட மாட்டார்கள். நைஜலின் வேனைக் கேளுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "சும்மா பேசிட்டு வர்றதுக்கெல்லாம் அவன்கிட்ட போய் நிக்க முடியுமா, வண்டி முடியட்டும், உன்னை ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றார். பனியில் பக்கத்து வீட்டுக்காரி டாட் இரண்டு தடவை கொண்டுவிட்டாள், பிறகு அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. பிப்ரவரியில் மேவிஸ் போய்விட்டாள். அடக்கத்தன்று அந்த இல்லத்து நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமை ஆனால் போதும், அந்த ரோஸ் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், சாப்பாட்டு மணி அடித்தாலும் எழ மாட்டார்கள் என்றாள். நல்ல பெண், ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதற்குள் இங்கே கேரேஜில் வேலை நடந்துகொண்டிருந்தது. என் காரின் ஹப்பில் நாலு போல்ட், இவர் ஆசைப்பட்டு வாங்கிய பளபளா சக்கரத்துக்கு ஐந்து ஓட்டை. உடனே நடுவில் வைக்க ஒரு தட்டு செய்வித்தார். பின் சக்கரத்தில் என் காருக்கு டிரம் பிரேக், அது பார்க்க வாணலியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறதாம், கம்பிச் சக்கரத்துக்கு நடுவே அசிங்கமாகத் தெரியுமாம். அதைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டு, ஏதோ பெரிய வண்டியின் டிஸ்க் பிரேக்கை வாங்கி, அதைப் பொருத்த இரும்புத் தகட்டில் தாங்கி வெட்டி மாட்டினார். பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்க என் காரில் ஒரு சின்ன வால்வு இருந்தது, அது கனமான வண்டிக்கு வைத்தது, இதற்கு எதற்கு என்று அதையும் விட்டுவிட்டார். நைஜல் மட்டும், "பின்னாடி ரொம்ப இறுக்கிப் பிடிச்சா வால் சுத்திடும் மோரிஸ், யோசிச்சுக்கோ" என்றான். நைஜல் தன் வண்டியைக் கட்ட ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகிறது, அதன் உள்ளே குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டது. அதனால் அப்பா அவனைப் பார்த்து, "ஓட்டாத வண்டியில வால் சுத்தாதுதான், நீ நிம்மதியா இரு" என்று சிரித்தார்.

ஜூன் மாதம் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். இரண்டு பேர் பாரம் இருந்தால்தான் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியுமாம். நைஜல் தனக்கு முதுகு சரியில்லை என்றான். அதனால் நான் உட்கார்ந்தேன். நான் ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன், முப்பத்தைந்து வருஷப் பழக்கம், வேறொன்றும் இல்லை. தரையோடு தரையாகப் படுத்த மாதிரி உட்கார வேண்டும், முழங்கால் மூக்கில் இடிக்கும். கொஞ்சம் வேகம் எடுத்து, "இப்ப பாரு" என்று பிரேக்கை மிதித்தார். பார்த்தேன். வண்டியின் பின்பாகம் முன்னால் வந்தது, வானம், வேலி, நைஜல், மறுபடி வானம், பிறகு பீட்ரூட் வயலுக்குள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாயெல்லாம் மண். உன் அப்பா ஒரு கையை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து பார்த்து, "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார். சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார், ஹிலரி. நான் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். பெல்ட்டை நைஜல்தான் வந்து கழற்றிவிட்டான்.

அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. பாஸ்டன் ஆஸ்பத்திரிக்கு நைஜலின் வேனில் போனோம். மேவிஸைப் பார்க்கக் கிடைக்காத வேன் மணிக்கட்டுக்கு உடனே கிடைத்தது. போகிற வழியில் அவள் இருந்த இல்லத்தைத் தாண்டித்தான் போனோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையில் மாவுக்கட்டுப் போட்டால் மனிதர் ஓய்வார் என்று நினைத்தேன். ஓயவில்லை. கட்டோடு போய் அந்த வண்டியை எடுத்து யார் மேலாவது ஏற்றிவிடுவாரோ என்று எனக்குப் பயம், அதனால் ஸ்பேனரை நான் எடுத்தேன். கொட்டகைக்குப் பின்னால் முள்ளுச்செடிக்குள் கிடந்த என் டிரம்களைத் தேடி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது இடது என்று கத்தக் கத்த, அந்தப் பெரிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்டினேன். வால்வையும் போட்டேன். பிரேக் எண்ணெயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் மிதித்தார், நான் கீழே படுத்துத் திறந்தேன். எண்ணெய் கையில் பட்டு எரியும். ஒரு நாள்கூட எரிகிறதா என்று அவர் கேட்கவில்லை, ஒழுகுகிறதா என்றுதான் கேட்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பெடல் கெட்டியாக நின்ற அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. என் பிரேக் அல்லவா.

செப்டம்பரில் அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோனோம். சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, முன் பிரேக் முதலில் பிடிக்கிறதா, பின் பிரேக்கா என்று மெஷினில் பார்க்கிறார்கள். முன்னால்தான் முதலில் பிடித்தது, அதுதான் சரியாம், வண்டி தேறிவிட்டது. சோதித்த இளைஞன் பலகையை மடக்கிக்கொண்டு, "பின்னாடி டிரம்மே வெச்சது புத்திசாலித்தனம் சார், நிறையப் பேர் ஸ்டைலுக்கு டிஸ்க் போட்டுட்டு வந்து ஃபெயிலாகிப் போறாங்க. யார் பண்ணினது?" என்று கேட்டான். உன் அப்பா, "எல்லாம் நானேதான்" என்றார். நான் அவருடைய கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது இன்னொன்று கேட்டார். என் நீல காரின் பதிவுப் பத்திரம் வேண்டுமாம். அது என் பெயரில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் புது வண்டிக்கு அந்தக் காரின் வருஷத்துக்கு ஏற்ற நம்பர் கிடைக்கும், கொடுக்காவிட்டால் 'க்யூ' என்ற எழுத்தில்தான் நம்பர் தருவார்கள், அப்படியென்றால் எந்த வருஷம், எங்கே பிறந்தது என்று தெரியாத வண்டி என்று அர்த்தம், கூட்டத்தில் அதைப் பார்த்து இளக்காரம் பண்ணுவார்களாம். "எங்க வெச்சிருக்க ஆட்ரி, எடுத்துக் குடு" என்றார். "காரை எடுக்கும்போது நீங்க என்னைக் கேக்கல மோரிஸ். இப்ப கேக்கறீங்க. கேட்டா பதில் சொல்லணும்ல, சொல்றேன். தர மாட்டேன்" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்துக்காக இப்படியா என்றார். பிறகு மேவிஸ் செத்த துக்கத்தில் உனக்குப் புத்தி கலங்கிவிட்டது, டாக்டரைப் பார் என்றார். அவர் வாயிலிருந்து மேவிஸ் பெயர் வந்தது அந்த வருஷத்திலேயே அன்றுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை ஹிலரி, கோபப்பட அங்கே ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. எழுந்து கோப்பைகளைக் கழுவினேன். பத்திரத்தை வீடு முழுக்கத் தேடினார். அது அன்று என் ஏப்ரன் பையில்தான் இருந்தது.

இப்போது வண்டி க்யூ நம்பரோடு ஓடுகிறது. சர்ச்சுக்கு வருகிறவர்கள் அது என்ன எழுத்து மோரிஸ் என்று கேட்கிறார்கள், இவர் ஏதோ ஆபீஸில் தவறு என்கிறார்.

நான் ஸ்பால்டிங்கில் கம்பளிநூல் கடைக்கு மேலே இரண்டு அறை பார்த்திருக்கிறேன். முதல் தேதி போகிறேன். வாசலிலேயே பஸ் நிற்கிறது. முதியோருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் அங்கே நடந்து கொடுக்கிற தெருக்களை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாவிடம் நேற்று சொன்னேன். "சாமானையெல்லாம் நான் கொண்டுவந்து விடட்டுமா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார் போலிருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. அந்த வண்டியில் ஒரு சூட்கேஸ் வைக்க இடமில்லை. டாட்டின் மருமகன் டிரெய்லர் கொண்டுவருகிறான்.

நீ அப்பாவிடம் சண்டை போடாதே, எனக்காகத் தூது போகவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் பண்ணு, முட்டை வேக வைக்கத் தெரியும், மற்றதை நீ சொல்லிக் கொடு. உன்னிடம் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் நீயும் நம்ப மாட்டாய், நானும் நம்ப மாட்டேன். பெற்ற பிள்ளைமேல் கோபம் ஒரு பக்கம் இருக்கும், பாசம் ஒரு பக்கம் இருக்கும், ஒன்று இன்னொன்றைத் தின்று தீர்த்துவிடாது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டு மழுப்பி எழுதாதே. அன்று ஏன் சொல்லவில்லை என்பதை உள்ளபடி எழுது, எனக்குப் பிடிக்காத காரணமாக இருந்தாலும் சரி.

டோபிக்கு வெயிலில் தொப்பி போடாமல் வெளியே விடாதே. மூவரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் மறைக்காமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். புது விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது. பதில் அங்கே போடு, இந்த வீட்டுக்குப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆட்ரி