ஐயர் தொட்ட சுவிட்சுகள்

ஆறுமுகநேரி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெபசுதாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ஜெபிஷாக்குட்டியும் சுகந்தானே?

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உப்பளத்தில் உப்பு வாரிய கை. பேனா அதற்கு அடங்க மாட்டேன் என்கிறது. இருந்தாலும் யார் துணையும் இல்லாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது. கடைசியில் பார், கைநாட்டு இல்லை, கையெழுத்து! ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்துப் பார்க்கிறேன். "பாட்டுப் படிக்கியளா?" என்று அம்மா சிரிக்கிறாள். எனக்கு எழுத்து கற்றுத் தந்த முதியோர் கல்வி வகுப்பு ஷெர்லின் டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புவார். போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். இது அவர் தம்பி விஷயம்.

நாங்கள் குடியிருந்து பார்த்துக்கொள்ளும் உங்கள் புது வீட்டுக்கு விக்டர் வயரிங் செய்த லட்சணத்தைக் கேட்டால் உனக்கும் அருவருப்பாக இருக்கும். போன வாரம் அடுக்களை பல்பு போய்விட்டது. அம்மா சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினாள். ஒரு கையை ஈரச்சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையால் ஹோல்டரைத் தொட்டாள். தூக்கிப் போட்டுவிட்டது. கீழே விழுந்ததில் முழங்கையில் வந்த வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

பஜாரிலிருந்து எலக்ட்ரீசியன் ராஜபாண்டியைக் கூட்டிவந்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுவிட்சு ஆப்ல கெடக்கு, ஹோல்டர்ல கரண்டு நிக்கி. கரண்டு வார கம்பியில போட வேண்டிய சுவிட்சை, திரும்புற கம்பியில மாட்டி வச்சிருக்கான்" என்றான். எல்லா அறையிலும் அப்படியே. பெட்டிகளைக் கழற்றினால் உள்ளே பாக்கு எச்சில், பீடித்துண்டு. எர்த் கம்பியை எதிலும் சேர்க்காமல் சுருட்டித் திணித்திருக்கிறான். அழுகிய மீனைத் தொட்டதுபோல நான் கை கழுவிக்கொண்டேன். எர்த் இல்லாததால் பிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் சுருக்கென்கிறது. அதன் கைப்பிடி ஜெபிஷாவுக்கு எட்டுகிற உயரம்.

மாட்டி முடித்ததும் டெஸ்ட் பண்ணினாயா என்று விக்டரிடம் கேட்டேன். "வீட்டுப் பிரதிஷ்டை அன்னைக்கி சபை ஐயரே ஒவ்வொரு சுவிட்சா தொட்டு ஜெபம் பண்ணுனாருல்லா மாமா? அவருக்கு அடிச்சிச்சா? பொறவு என்ன டெஸ்டு?" என்று சிரிக்கிறான். ஐயர் தொட்டது பிளாஸ்டிக் பொத்தானை. வீட்டை ஆசீர்வதிக்க வந்த போதகர், வயரைப் பார்க்கவா வந்தார்? தன் சோம்பேறித்தனத்துக்கு ஜெபத்தை இழுக்கிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ராஜபாண்டி எல்லாவற்றையும் மாற்றிப் போடத் தயார். விக்டரோ வாசலை மறித்துக்கொண்டு, "வேற ஆளு கை வச்சா அண்ணன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்கிறான். வீடு மாப்பிள்ளையுடையது, அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை நீதான் அவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். இப்போது எடுக்காதே. குழந்தையை நாங்கள் போனில்தான் பார்த்திருக்கிறோம். அம்மா கொலுசு வாங்கி வைத்து, அதை எடுத்து எடுத்துத் துடைக்கிறாள். இருந்தாலும் எடுக்காதே.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். "வாருங்கள்" என்று எழுதிப் பழகி வைத்திருக்கிறேன். வேறு வார்த்தையை எழுத வைத்துவிடாதே, மகளே.

அன்பு அப்பா,
ஏசுவடியான்