மேசைக்கு ஏறாத விறகு

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள், மச்சாள்.

கூரையில் சோலர் தகடு பூட்டி, ரிப்பன் வெட்டி, ஜெபம் பண்ணி முடித்த கையோடு, கரண்ட் வசதி குறைந்த வீட்டுப் பெண்களுக்கென்று ஆளுக்கொரு சோலர் விளக்குக் கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு விளக்கு. பெட்டியில் சபையின் பெயர் பெரிதாக ஒட்டியிருந்தது. பட்டியல் சபைச் செயலாளரின் கையில். என் பெயர் நாலாவது, உன் பெயர் ஆறாவது. நீ போன பிறகு இரண்டு மாரி வந்து போய்விட்டது. உன்னைச் சேமக்காலையில் புதைத்த அன்றைக்கு இதே மனிதர்தான் குழிக்குப் பக்கத்தில் நின்று கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

இரண்டு தரம் கூப்பிட்டார். "வரல்லியா?" என்று கேட்டார். நான் எழும்பி, "அவ வரமாட்டா. சேமக்காலையில கொண்டு போய்க் குடுங்க" என்றேன். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கையைக் கீழே இறக்கினார். செயலாளர் பேனையால் ஒரு கோடு கீறிவிட்டு ஏழாவது பெயருக்குப் போனார். ஒரு கோடு, அவ்வளவுதான்.

எனக்குத் தந்த விளக்கைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவளிடம் ஒரு கொப்பி வாங்கி இதை எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் பிழை இருக்காது. அது உனக்குத் தெரியும்.

புதிதாக வந்திருக்கிற போதகர் சின்ன வயதுக்காரர். நீதியான, நிலைத்து நிற்கிற சக்திப் பயன்பாடு என்று பெனரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுக்குள் முதல் பாட்டு முடிந்துவிட்டது. வெயில் எல்லாருக்கும் பொது, காசுள்ளவனுக்கு மட்டும் எரிகிற வெளிச்சம் நீதியில்லை, படைப்பை அழித்துச் சமைக்கிற சோறு ஆசீர்வாதமில்லை என்றார். நல்ல பேச்சு, பிழை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தத் தகட்டுக் கரண்ட் நேரே போதகர் இருக்கிற மிசன் வீட்டுக்குப் போய் ஏசியை ஓட்டுகிறது. கோயிலுக்குப் பின்னால் வாவிக்கரையில் இருக்கிற எங்களுக்கு உள்ளங்கை விளக்கு. இவர்கள் நீதியை அளக்கிற கொத்து இதுதான்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். "கண்டல் விறகு வெட்டி வாவியை அழித்த எங்கள் தாய்மாருக்கும் இன்று விடுதலை" என்றார். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். போதகர்மார் நாலு வருசத்துக்கு ஒருக்கா மாறுவார்கள். செயலாளர் மாறமாட்டார். அவர் எழுதிக் கொடுத்ததை இவர் வாசித்திருப்பார்.

வாவியை அழித்த தாய் என்றால் அது நீதான், மச்சாள். எங்கள் கரையில் தண்ணீருக்குள் வளர்கிற கண்டல் மரத்தில் விறகு எடுத்து விற்றுப் பிள்ளை வளர்த்தவள் வேறு யார்? புருசன் செத்த வருசம் தொடங்கினாய் என்று உன்னைச் சொல்லுவார்கள், அதற்கு முன்னமே நீ தண்ணீரில்தான் நின்றாய் என்று எனக்குத் தெரியும். இடுப்பளவு சேற்றில் நின்று, கத்தியைத் திருப்பிப் பின்பக்கத்தால் கொப்பைத் தட்டுவாய். பட்ட கொப்பு ஒரு மாதிரிச் சத்தம், உயிருள்ள கொப்பு வேறு மாதிரி. பச்சையென்றால் தொடமாட்டாய். நான் ஒருநாள் அலுத்துப்போய், கிட்டக் கிடக்கிறதை வெட்டேன் என்று சொன்னதற்கு, "பச்சையில கத்தி வச்சா வாற வருசம் உன்ட தலையிலயா கா விறகு முளைக்கும்?" என்று கேட்டாய். இவர்களுடைய பெனரில் அத்தனை எழுத்தும் இதைத்தான் சொல்லுகிறது. நீ அதை நெஞ்சுக்கு மேல் தண்ணீர் ஏற ஏறச் சொன்னாய்.

செயலாளர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கண்டலை வேரோடு கிளப்பி, கிரவல் கொட்டி மேடாக்கி, வெளியூர்க்காரர் வந்து தங்க அறை கட்டினார். அதற்கு அத்திவாரக் கல் வைத்து ஜெபம் பண்ணியது யார்? இந்தச் சபைதான். நான் அங்கே தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

அந்த அறுப்புப் பண்டிகையை எழுதவேண்டும். அப்போதிருந்த போதகர் எங்கேயோ பயிற்சிக்குப் போய் வந்து, இனி இது பசுமைச் சபை என்று சொன்ன வருசம். பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டு வந்து பலிபீடத்துக்கு முன்னால் மேசையில் வைப்பதுதானே வழக்கம். கரடியனாற்று வட்டையில் வயல் உள்ளவர்கள் நெற்கதிர் கொண்டுவருவார்கள். மாடு உள்ளவர்கள் தயிர்ச் சட்டி. வாழைக்குலை, கச்சான், மரவள்ளி. நீ வருசா வருசம் ஒரு கட்டு விறகு கொண்டுவருவாய். எல்லாம் ஒரே நீளம், தோல் உரித்து, வெயிலில் காயவைத்து, சிவப்புச் சீலைக் கிழிசலால் இரண்டு இடத்தில் கட்டி. முதல் வருசம் சிரித்தார்கள். "எனக்கு விளையிறது இதுதான்" என்றாய். பிறகு சிரிக்கவில்லை. தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் உன் விறகுக்கு ஒரு இடம் பழகிப்போயிருந்தது.

அன்றைக்கு வாசலில் செயலாளர் கையை நீட்டி மறித்தார்.

"அக்கா, இது கண்டல். உள்ள வைக்க ஏலாது."

"தம்பி, இது பட்ட கொப்பு. நான் பச்சை தொடுறல்ல."

"அது எனக்குத் தெரியும். பார்க்கிற ஆக்களுக்குத் தெரியாதே. சபைத் தீர்மானம், என்ன செய்ய?"

தெரியும் என்றார், மச்சாள். தெரிந்துகொண்டுதான் மறித்தார். உனக்குப் பின்னால் கதிரும் குலையுமாக வரிசை நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மணிக்கூண்டடியில் சாத்திவிட்டு வந்து, கடைசி வாங்கில் இருந்தாய். படைப்பைப் பற்றிப் படம் காட்டிப் பிரசங்கம் நடந்தது. படம் காட்டுகிறதுக்கு வெளியே ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய்ப் புகைக்குத் தீர்மானம் இல்லை.

பகல் விருந்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். கை கழுவ நான் பின்பக்கம் போனேன். மூன்று கல்லில் பெரிய கிடாரம், கீழே எரிந்தது உன்னுடைய விறகு. சிவப்புச் சீலைக் கிழிசல் இரண்டும் சாம்பலோரத்தில் கிடந்தன. சமைக்கிறவனிடம் கேட்டேன். செயலாளர் ஐயா எடுக்கச் சொன்னார், கண்டல் விறகைப் போல நின்று எரிகிற விறகு எது என்றான். நான் சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை அந்த விருந்தில் ஒரு பருக்கை தின்னவில்லை. நீ என்ன செய்தாய்? இருந்து சாப்பிட்டாய். கோழிக் கறியை விரலால் பிட்டுப் பார்த்து, "நல்லா வெந்திருக்கு" என்றாய். உன்மேல் எனக்கு அதுவும் ஒரு கோபம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் வெறுங்கையோடு வந்தாய். மேசையைப் பார்க்கமாட்டாய். காணிக்கைப் பாட்டு வரும்போது குனிந்து சட்டையில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய்.

பிறகு காஸ் இல்லாத வருசம் வந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிய விடிய வரிசை. கரண்டும் நாளில் பாதி நேரம் இல்லை. காத்தான்குடியில் மண் அடுப்புக்கு அடிபட்டார்கள். ஒரு பின்னேரம் செயலாளர் உன் முற்றத்துச் சேற்றில் சப்பாத்தோடு வந்து நின்றார். பண்டிகை வருகிறது, விருந்து வேண்டும், மிசன் வீட்டு அடுப்பும் எரியவேண்டும். நம்மட விறகு கொஞ்சம் தந்தால் என்று இழுத்தார். நம்மட என்ற சொல்லைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துரத்தப்போகிறாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"தாறன்" என்றாய். "எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க. முதல்ல ஒரு கட்டு மேசைக்கு. முன்வாசலால."

கேட்டுச் சொல்லுகிறேன் என்று போனார். மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். ஒரு கட்டு விறகுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் நீ முற்றத்தில் இருந்து கொப்புகளின் தோலை உரித்தாய். உன் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கலியாணப் பெண் மாதிரி இருந்தாய். நாலாம் நாள் வந்து, மேசைக்கு மேலே சரிவராதாம், கீழே தரையில் ஒரு துணி விரித்து வைக்கலாமாம் என்றார்.

நீ கத்தியைக் கீழே வைத்தாய். "கீழ வைக்கிறதெண்டா என்ட வீட்டிலயே வைக்கிறன் தம்பி. இஞ்சயும் தரை இரிக்கு."

அந்த வருசம் விருந்துக்குக் காட்டிலிருந்து உழவு மெசினில் பச்சை மரம் ஏற்றி வந்தார்கள். பசுமைச் சபை. நீ பண்டிகைக்குப் போகவில்லை. அடுத்த மாரியில் சளி நெஞ்சில் கட்டிப் படுத்தாய்.

படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து நான் செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கிரவல், அவர் சப்பாத்து, அவர் தீர்மானம் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். நீ சுவரைப் பார்த்தபடி கிடந்தாய். பிறகு சொன்னாய்:

"அவர விடு கா. அண்டைக்கு உன்ட பூசணி நல்ல பூசணி."

நான் போர்வையை இழுத்து உன் காலை மூடினேன்.

"எனக்கு முன்னால போனாய். திரும்பிப் பார்ப்பாயெண்டு நிண்டன்."

வாசலில் நடந்த பேச்சை ஒரு சொல் குறையாமல் மேலே எழுதினேன் அல்லவா? எப்படித் தெரியும்? வாசற்படியில் உனக்கு ஒரு அடி முன்னால் நின்றவள் நான்தான். இரண்டு கையிலும் என் பூசணிக்காய். அவ்வளவும் காதில் விழுந்தது. திரும்பினால் வரிசை முந்தும், நடு மேசையில் இடம் போய்விடும் என்று நேரே உள்ளே நடந்தேன். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில், உன் விறகு வைக்கிற இடத்தில், பூசணிக்காயை வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். அதற்குப் பிறகுதான் கோப்பையைக் கவிழ்த்த வீரமெல்லாம். ஒரு நேரச் சோற்றை விடுகிறது என்ன பெரிய காரியம்?

செயலாளரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். இந்தச் சபை கூரை முழுக்கத் தகடு பூட்டினாலும் எனக்கு இவர்கள் அன்றைக்கு இருந்த ஆட்கள்தான். நானும் அன்றைக்கு இருந்த ஆள்தான். அந்தப் படுக்கை வரைக்கும் நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் ஒருநாளும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் அத்தனை வருசம் இருந்தோம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் கால் வைத்தவுடன் என் கழுத்துத் தானாகத் திரும்புகிறது, மச்சாள். பின்னால் வருகிறவர்கள் என்ன ஆச்சி, ஏறுங்க என்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.