கண்ணைத் தொடாமல் நின்ற ஜீப்பு

மாப்ளே, எவரும் நம்பமாட்டாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று போடி மலைமேல் ஆணையிட்டு இதைத் தொடங்குகிறேன். உயிரோடு இருந்தபோதே நீ நம்பியதில்லை. இப்போது குறுக்கே பேசவும் உனக்கு வழியில்லை.

காலையில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கதிர் சிகிச்சைக்காக உன் முகத்தில் அச்செடுத்த அந்த வலைமூடியை, உன்னைக் கட்டிய என் தங்கை சன்னலோரம் மல்லாக்க வைத்து, அதற்குள் இரண்டு பிடி ஏலக்காய் போட்டிருக்கிறாள். வீடெல்லாம் மணம். உன் மூக்கு இருந்த பள்ளத்தில்தான் நல்ல பச்சைக் காய்கள்.

இடது கண்ணுக்குப் பின்னால் வளர்ந்த கட்டியை அறுத்தெடுத்தும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்தும் ஏற்றி, கூடவே புரோட்டான் கதிரும் வைக்க வேண்டும் என்று சென்னைக்கு அனுப்பினார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மச்சான், கண்ணு போயிருமா? காயைப் பாத்துத் தரம் பிரிக்கிறவனுக்கு வேற என்ன சோலி தெரியும்?"

டாக்டர் சொன்னதை நான் நம்மூர்ப் பேச்சுக்கு மாற்றினேன். "சாதாக் கதிரு, ஸ்டாப்பைத் தாண்டிப் போற பஸ்சு மாப்ளே. இது நம்ம மலை ஜீப்பு. வழியில கொஞ்சம் சிந்தும். ஆனா சேர வேண்டிய எடத்துல மொத்த லோடையும் எறக்கிட்டு எஞ்சினை அணைச்சிரும். கண்ணுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

அதோடு விட்டேனா? பொட்டிபுரம் மலையைக் குடைந்து அந்த ஜீப்பை நானே வரவழைத்ததாகவும், தேவாரம் ஊர்ப்பக்கத்துக் காட்டு யானை ஒன்று வழிவிட்டுச் சல்யூட் அடித்ததாகவும், உன் தலைக்குள் நுழையுமுன் கதிர் செருப்பைக் கழற்றி வைத்ததாகவும் அளந்தேன். சிகிச்சை மேசையில் படுத்து, வலைமூடிக்குள் நீ சிரித்துக் குலுங்கினாய்.

"அங்கிள், அவர் அசையவே கூடாது. வெளிய போங்க," என்று கருவியை இயக்கும் பெண் என்னைத் துரத்தினாள்.

மூடிக்குள்ளிருந்து பல்லிடுக்கில் உன் குரல்: "மீதியை வந்து கேக்குறேன். வெரசா யோசிச்சு வையி."

அப்புறம் கல்லாய்க் கிடந்தாய். மருந்து ஏறிய நாள்களில் உனக்குச் சோறு இறங்கவில்லை. கதை மட்டும் இறங்கியது.

ஜீப்பு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது மாப்ளே. நோய்தான் வேறு பாதை பிடித்து நுரையீரலுக்குப் போய்விட்டது. அங்கே என் யானையாலும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, யானை பொய். சல்யூட் பொய். செருப்பு சுத்தப் பொய். ஆனால் நீ போவதற்கு முந்தின வாரம், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் என் உள்ளங்கையிலிருந்த ஏலக்காய்களை உற்றுப் பார்த்தாய். ஒன்றை விரலால் தள்ளிவிட்டு, "இது வெளுத்த காயி மச்சான். எவன் ஒன் தலையில கட்டுனான்?" என்றாய்.

அது மட்டும் உண்மை. அந்த வெளுத்த காய் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது.